மைல்கல் இருநூற்றுப் பன்னிரண்டு

காலை ஆறரைக்கே வந்துவிட்டோம்.
விமானம் பத்து மணிக்குத்தான்.
நெப்ராஸ்காவில் மார்ச் மாதக் காற்றுக்குக்
கைகால் முளைத்திருக்கும்;
கொடியை இழுத்தது போதாதென்று
காப்பிக் குவளைக்கும் மல்லுக்கு நிற்கும்.

முப்பத்தெட்டு வண்டிகள்.
ஒரு பல் மருத்துவர், இரண்டு வெல்டர்கள்,
பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஆர்லிஸ்,
போன வாரம்தான் விவாகரத்தான ஒருவன்,
அப்புறம் நான்.
வீடுவீடாய் ஹீட்டர் பழுது பார்ப்பவன்.
சீருடை போட்டதில்லை.
இடது காது கேட்காது என்று
பத்தொன்பது வயதில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
துப்பாக்கி மரியாதை நடக்கும்போது
அந்தக் காதை அந்தப் பக்கம் கொடுத்து நிற்பேன்.
இதுவரை யாரும் கவனித்ததில்லை.

இறந்தவன் பெயர் டேல்டன் ஹ்ரூஷ்கா.
வயது இருபத்திரண்டு.
எங்களில் ஒருவருக்கும் அவனைத் தெரியாது.
குடும்பம் கூப்பிட்டால் போவோம்,
கூப்பிடாவிட்டால் வீட்டில் இருப்போம்.
விதி அவ்வளவுதான்.

பெட்டி இறங்கும்போது
ஆர்லிஸ் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்தபடி காத்திருந்தது
சடங்குக்காரர்களின் நீளக் கறுப்புக் கார்.
லோரீன் ஏறமாட்டேன் என்றாள்.
"அவனை எப்போதும்
நான்தான் வீட்டுக்குக் கூட்டிவருவேன்."
கால்பந்துப் பயிற்சி முடிந்து
சேறோடு நிற்கும் பையனை
வேனில் ஏறச் சொல்லும் குரல்.

முன்னால் சவ ஊர்தி.
அதை ஒட்டி அவளுடைய பழைய மினிவேன்.
பிறகு நாங்கள், இரண்டிரண்டாக.
மணிக்கு நாற்பது மைல்.
அந்த வேகத்தில் நல்ல வண்டிகள் முனகும்,
என்னுடையது இருமும்.

எதிரே வந்த மாட்டு லாரி ஓரங்கட்டியது.
ஓட்டுநர் இறங்கித் தொப்பியைக் கழற்ற
காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு
வேலி தாண்டி ஓடியது.
அவர் துரத்தவில்லை.
கடைசி வண்டி கடக்கும்வரை
அப்படியே நின்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

மைல்கல் இருநூற்றுப் பன்னிரண்டில்
வேன் ஒருமுறை தும்மியது.
இன்னொரு முறை.
நின்றுவிட்டது.
சவ ஊர்தி கால் மைல் போன பிறகுதான்
தான் தனியாகப் போவது தெரிந்து நின்றது.

லோரீன் கண்ணாடியை இறக்கினாள்.
"பெட்ரோல்" என்றாள்.
"ஒன்பது நாளாய் நான்
எதையும் நிரப்பவில்லை."

முப்பத்தெட்டு எஞ்சின்கள்
ஒவ்வொன்றாய் அடங்க அடங்க
வேலிக்கம்பத்தில் ஒரு குருவி
இவ்வளவு நேரமும் பாடிக்கொண்டிருந்தது தெரிந்தது.
எனக்கு வலது காதில் மட்டும்.

வெல்டரிடம் காலி கேன் இருந்தது.
பல் மருத்துவரின் பையில் ரப்பர் குழாய்.
எதற்கு வைத்திருந்தார் என்று
இன்றுவரை சொல்லவில்லை.
என் டாங்கிதான் பெரியது.
குழாயை வாயில் வைத்து இழுத்தேன்.
கொஞ்சம் அதிகமாகவே இழுத்துவிட்டேன்.

துப்பி, இருமி, கண்ணில் நீர் வழிய
மண்டியிட்டுக் கிடக்கிறேன்.
சிரிப்புச் சத்தம்.
லோரீன்.

"பதினைந்து வயதில் டேல்டன்
பக்கத்துப் பண்ணை ஜீப்பில் திருடினான்,
இதே மாதிரி விழுங்கிவிட்டு.
இரண்டு நாள் அடுப்பங்கரைப் பக்கம்
அவனை விடவில்லை நான்."

அந்தச் சிரிப்பு அழுகையாக மாறும் என்று
எல்லோரும் காத்திருந்தோம்.
மாறவில்லை.
பணப்பையைத் திறந்து எவ்வளவு என்றாள்.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஆர்லிஸ் முறைத்தாள்.
பத்து டாலர் வாங்கிக்கொண்டேன்.
மீதியும் கொடுத்தேன்.

கல்லறைத் தோட்டத்தில்
அன்றைக்கும் இடது காதைத்தான் கொடுத்தேன்.
மூன்று வெடிகளும்
நெஞ்செலும்பு வழியாக வந்து சேர்ந்தன.

தேவாலயக் கூடத்தில் சாப்பாடு போட்டார்கள்.
உருளைக்கிழங்கு, பன்றி இறைச்சி, செர்ரி வைத்த கேக்.
எதைத் தின்றாலும்
பெட்ரோல் ருசி.
இரண்டாம் முறையும் தட்டை நீட்டினேன்.