நெரிஞ்சிப்பேட்டையிலிருந்து ஏழு பாய்கள்

ஆயுத பூசையோடு
சனியும் ஞாயிறும் ஒட்டிக்கொண்டதில்
ஈரோட்டுப் பாய்ப்படகுச் சங்கத்தின் மொத்தப் படையும்
நெரிஞ்சிப்பேட்டைத் துறையில் இறங்கியிருந்தது.
மொத்தப் படை என்றால் ஏழு.
நான் பொருளாளர்.
பாய் விரிந்ததும் மற்றவர்களுக்குக் காற்று தெரியும்,
எனக்குச் சந்தா பாக்கி தெரியும்.

சந்தனம் வைத்தாயிற்று.
சுக்கானுக்குப் பொரிகடலை படைத்தாயிற்று.
லாரி ஆபீஸ் வெள்ளியங்கிரிக்குத்
திடீரென்று ஞாபகம் வந்து
ஒவ்வொரு படகின் மூக்குக்குக் கீழும்
ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார்.

படகு நகர்ந்தது. பழம் நசுங்கவில்லை.
ஒதுங்கி, ஒரு சுற்றுச் சுற்றி,
எங்களுக்கு முன்னால் கிளம்பிவிட்டது.
"இது நல்ல சகுனமுங்களா, கெட்டதுங்களா?"
யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.
சாஸ்திரம் டயருக்குத்தான் எழுதியிருக்கிறது.

இந்த வருடத் தலைவர் பல் டாக்டர் துளசிமணி.
ஊருக்குப் புதுசு.
அவர் போட்ட விதி ஒன்றே ஒன்று:
கடைசிப் படகு என்ன வேகமோ
அதுதான் எல்லோருக்கும் வேகம்.
கடைசிப் படகு ஷர்புதீனுடையது.
மனைவி, மூன்று பிள்ளைகள்,
பாதி தளத்தை அடைத்துக்கொண்டு
ஒரு பிரியாணி தேக்சா.

பதினோரு மணிக்குக் காற்று நின்றது.
பாலமலை மேல் ஒரு மேகம்
எங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது.
கதவணைக்குப் பின்னால் காவிரி
தாம்பாளத்தில் ஊற்றிய எண்ணெய்.
பூலாம்பட்டி விசைப்படகு
நாலு பைக்கும் ஒரு கிடாயும் ஏற்றிக்கொண்டு
அக்கரைக்குப் போனது, இக்கரைக்கு வந்தது,
மறுபடி போனது.
மூன்றாவது தடவை வேகம் குறைத்துக் கேட்டார்கள்,
"கட்டி இழுத்துட்டுப் போலாமுங்களா?"
டாக்டர் கும்பிட்டு மறுத்தார்.
கிடாய் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.
ஓர் எருமை எங்களைத் தாண்டி நீந்தி
அந்தப் பக்கம் மேய்ந்துவிட்டுத்
திரும்பியும் போயிற்று.

சாயங்காலம் பாறைத்திட்டை அடைந்தோம்.
ராத்திரிக்கு ஏழையும் ஒன்றோடொன்று கட்ட வேண்டும்.
"நெம்பர் வரிசையில கட்டிக்குங்க" என்றார் டாக்டர்.
நான்கு, சென்னியப்பன்.
ஐந்து, கொழந்தவேல்.

ஒரே சைசிங் மில்லில் இருபது வருடம் பங்காளிகள்,
வாடா போடா என்று.
நான்கு வருடத்துக்கு முன்னால்
மில்லைப் பிரித்தார்கள். கிடங்கைப் பிரித்தார்கள்.
ஒரு பாய்லர் இன்னும் கோர்ட் சீலோடு நிற்கிறது.
அவர்கள் சேர்ந்து ஆரம்பித்த
இந்தச் சங்கத்தை மட்டும்
எப்படிப் பிரிப்பதென்று எந்த வக்கீலுக்கும் தெரியவில்லை.
விட்டுப் போகவும் இருவருக்கும் மனசில்லை.
டாக்டருக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
நான் வாயைத் திறக்கவில்லை.

பகலெல்லாம் வராத காற்று
ஒரு மணிக்கு வந்தது.
படகுகளுக்கு நடுவில் தொங்கவிட்ட பழைய டயர்கள்
கிறீச்சென்று முனகின.
பாய்க்கட்டைக்குக் கீழே படுத்தபடி கேட்டேன்.

"கயிறு லூசா இருக்குதுங்."
வெகுநேரம் டயர்தான் பேசியது.
பிறகு,
"இறுக்கிக் கட்டீராதீங்க.
கதவச் சாத்துனா தண்ணி ஏறும்.
இழுக்கும்."
"செரிங்."

அவ்வளவுதான்.
அந்த "ங்" இரண்டும்
கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது எனக்கு.
ஆனாலும் இருளில் யாரோ
முடிச்சை ஒரு சாண் தளர்த்தும் சத்தம் கேட்டது.
பதிவேட்டில் எழுதினேன்:
காற்று மேற்கு. படகுகள் ஏழும் பத்திரம்.

விடிந்தபோது
பாறையோரம் ஐந்து எலுமிச்சை மிதந்தன.
மீதி இரண்டு எங்கே போயினவோ.
ஷர்புதீன் மனைவி ஒன்றைப் பொறுக்கிக் கழுவிக்
கட்டன் சாயாவில் பிழிந்தார்.

"சக்கரை பத்தல" என்றார் சென்னியப்பன்
யாரையும் பார்க்காமல்.

சர்க்கரை டப்பா
ஐந்தாம் நெம்பரில் இருந்தது.