ஏழாவது தளம்

இரவு பதினொன்றுக்கு மேல்
தௌகவ்பில்ஸ் நகரத்தின் பாதி வீடுகளுக்குச் சூடு
எங்கள் இருவர் பொறுப்பு,
எனக்கும் ரைமொண்ட்ஸுக்கும்.
மரச்சில்லு தின்னும் கொதிகலன் ஒன்று,
அழுத்தம் காட்டும் முள் பதினாறு,
மேசைக்கடியில் யாரோ விட்டுப்போன கணினி,
அதற்குள் இந்த விளையாட்டு.

பெட்டி இல்லை, கையேடு இல்லை.
மெனு முழுக்கச் செக் மொழி.
ஒரு சொல்தான் புரிந்தது,
ருஷ்ய மொழியிலும் அதே சொல் என்பதால்:
முடிவு.
அதை அழுத்தினால் வெளியே தள்ளிவிடும்.

திரையின் அடியில் ஒரு துப்பாக்கி
துடுப்பு மாதிரி ஆடுகிறது.
குனிந்து பார்த்தால் கால் இல்லை,
தரை மட்டும்.
குறி நடுவில் இருக்கும்,
குண்டு இரண்டு விரற்கடை இடப்பக்கம் போகும்.
முதல் வாரம் முழுக்க
சுவர்களைத்தான் சுட்டுக் கொன்றோம்.

அப்புறம் பிடிபட்டது.
நேராக ஓடினால் ஒரு வேகம்,
மூலைவாட்டில் ஓடினால் ஒன்றரை வேகம்.
அன்றிலிருந்து எங்கள் வீரன் நண்டு.
காவலர்களுக்கு அண்ணாந்து பார்க்கத் தெரியாது;
பீப்பாய்மேல் ஏறி நின்றுகொண்டால்
காலடியில் கூடி நம்மையே தேடுவார்கள்,
எல்லோருக்கும் ஒரே இருமல்.
லிஃப்டில் நின்று சேமித்தால்
திரும்ப வரும்போது லிஃப்ட் இருக்காது,
நாம் இருப்போம்,
கொஞ்ச நேரம்.

ரைமொண்ட்ஸ் எல்லாவற்றையும்
பதிவேட்டின் தாள்களில் பென்சிலால் குறித்தான்.
முன்பக்கம்: நீர் எண்பத்தொரு டிகிரி, கசிவு இல்லை.
பின்பக்கம்: நீலக் கதவை முதுகால் திற.

ஏழாவது தளத்தில் ஒரு பள்ளம்.
அந்தப்பக்கம் ஒரு கதவு.
தாண்டினால் ஒரு சாண் குறைகிறது.
எப்போதும் அதே ஒரு சாண்.
நண்டாக ஓடித் தாண்டினோம், செத்தோம்.
காலடியில் குண்டு வைத்து எழும்பினோம்,
பாதி மட்டும் அந்தப்பக்கம் போனது.
ஜனவரி இப்படியே போனது.

"செய்தவன் ஒரு தடவையாவது
தாண்டிப் பார்த்திருப்பானா இல்லையா?"
கேஃபிர் புட்டியை மேசைமேல் குத்தினான் ரைமொண்ட்ஸ்.
பார்த்திருப்பான், என்றேன்,
அவனிடம் இருந்தது வேறு கணினி.
சும்மாதான் சொன்னேன்.
சொன்ன பிறகு இருவரும்
மேசைக்கடியில் குனிந்து பார்த்தோம்.

எங்களுக்கு ஓட்டைப் பெட்டி அது.
விளையாட்டுக்கோ
அது பிறந்தபோது உலகத்தில் இல்லாத வேகம்.

ஆக, கணினியைக் களைக்க வைக்க வேண்டும்.
ஆறு வருட வெப்பக் கணக்கைத் திறந்தோம்,
நகரத்தின் ஒவ்வொரு குழாய்க்கும்
ஒரு வரைபடம் போடச் சொன்னோம்.
மின்விசிறி அலறியது.
திரையில் தீவட்டிகள் விட்டுவிட்டு எரிந்தன,
துப்பாக்கி விக்கி விக்கி ஆடியது.
"இப்போது," என்றான்.

நான்கு படங்கள்தான் கண்டோம்.
விளிம்பு.
வெறும் காற்று.
வெறும் காற்று.
கதவு.

கத்தக்கூட நேரமில்லை. மூன்றாவது முள் சரிந்தது,
சில்லுப் பட்டையில் உறைந்த கட்டை ஒன்று சிக்கியிருந்தது,
வெளியே மைனஸ் இருபத்துநான்கு.
கடப்பாரையோடு அரைமணி நேரம் போராடினோம்.
புருவத்தில் பனியோடு திரும்பினால்
நிறுத்திய இடத்திலேயே நிற்கிறான் எங்கள் ஆள்,
துப்பாக்கி ஆட.

கதவை முதுகால் திறந்தோம்.

உள்ளே கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்,
கூரை போடாத ஓர் அறை,
சுவரைப் பார்த்து ஒரு நாற்காலி.
யாரோ நாளைக்கு வந்து முடிக்கலாமென்று
எழுந்து போயிருக்கிறார்கள்.
ஓர் அடி வைத்தோம்.
தரையும் போடவில்லை.

விழுகிறான்.
அறை தீப்பெட்டியாகி, புள்ளியாகி, போனது.
உயிர்: நூறு.
விழுகிறான்.
உயிர்: நூறு.
ரைமொண்ட்ஸ் ரொட்டியை இரண்டாகப் பிட்டு
பாதியை என்னிடம் நீட்டினான்.

ஆறு மணிக்கு மார்கெரிஸ் வந்தான்,
தொப்பியைத் தட்டிக்கொண்டே திரையைப் பார்த்தான்.
"என்ன இது?"
"விழுந்துகொண்டிருக்கிறான்."
"எதில்?"
"மூன்றாவது முள்ளைக் கவனி," என்றான் ரைமொண்ட்ஸ்,
"கணினியைத் தொடாதே."

வாசலுக்கு வந்தால்
ட்ராம் கதவை மூடப் பார்க்கிறது.
உறைபனியில் ஓடினோம் இருவரும்,
மூலைவாட்டில்.