நாற்பது மீட்டர்

பண்ணைக்காட்டிலிருந்து இறங்கி
ஜீப் நின்றுவிடும் வளைவுக்கும் கீழே
ஏழு குடும்பம், பதினொரு ஏக்கர், ஒரு நோட்டு.
நோட்டு என் பொறுப்பு.
திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் கணக்கெழுதிய கை,
சோலை ஓரத்துக்கு வந்தும்
அதே நீலக்கோடு, சிவப்புக்கோடு.

முதல் பக்கத்தில் விதிகள்.
யாரும் முதலாளி இல்லை.
யாரும் கூலி இல்லை.
சோலைக்குள் கோடரி போகக் கூடாது.
நாலாவதை மழை குடித்துவிட்டது;
என்னவென்று யாருக்கும் நினைவில்லை,
ஆனாலும் மீறியதில்லை என்றுதான் சொல்கிறோம்.

முதல் வருஷம்
பட்டர் பீன்ஸைக் காட்டுமாடு மேய்ந்தது.
சவ்சவ் பந்தல் ஐப்பசிக் காற்றில் படுத்தது.
ஜெபசீலன் எழுப்பிய மண்சுவர்
ஈரத்தைக் குடித்துக் குடித்து
ஒரு ராத்திரி தானாகவே உட்கார்ந்தது,
சத்தம்கூட இல்லை,
களைத்த ஆள் உட்காருவது மாதிரி.
மெழுகுவத்தி, மண்ணெண்ணெய், டார்ச் செல்
எல்லாம் சிவப்புக்கோட்டுக்குக் கீழே.

மறுவருஷம் ஓடையை அளந்தோம்,
வாளியும் கைக்கடிகாரமும் வைத்து.
இருபது லிட்டர் நிறைய ஏழு நொடி,
மாசியில் பதினொன்று.
"போதும், சக்கரம் சுத்தும்" என்றான் ஷாகுல்.
வத்தலக்குண்டில் குழாய் வாங்கினோம்.
மலைப்பாம்பைச் சுருட்டியதுபோல் ஜீப் மேல் கட்டி
வழியெல்லாம் எல்லோருக்கும் விளக்கம் சொன்னோம்.

தோண்ட ஆள் வேண்டும்.
ஓடைக்கு அக்கரைப் பளியர் குடியிருப்பிலிருந்து
வீராயி வந்தாள்.
பதினெட்டு நாள்,
காலில் அட்டை, இடுப்பில் புகையிலைப் பை.
கடப்பாரை எங்களுடையது,
தோள் அவளுடையது.

தை மாதம், ஒரு சாயங்காலம்
வால்வைத் திறந்தோம்.
குழாய் முதலில் இருமியது.
ஒரு தவளையைத் துப்பியது.
பிறகு தண்ணீர்,
பிறகு ஷாகுல் ஒவ்வொரு கரண்டியாய் வெல்டு வைத்த சக்கரம்
மெல்ல, சந்தேகத்தோடு, பிறகு
நிறுத்த முடியாத வேகத்தில்.
ஏழு வீட்டில் ஏழு பல்பு.
யாரோ அழுதார்கள்.
நான்தான்.

அக்கரையில் நின்று பார்த்த வீராயி
ஒன்றே ஒன்று கேட்டாள்,
கோபமில்லை, கத்தரிக்காய் விலை கேட்கும் குரல்:
"நோட்டுல எம்பேரு எந்தப் பக்கம்?"

புரட்டினேன்.
செலவுப் பக்கம்.
சிமெண்ட் மூட்டைக்கும் கிளாம்புக்கும் நடுவே
வீராயி, பதினெட்டு நாள், பைசல்.
என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

அன்றைக்குக் கூட்டம்.
முதன்முறையாக வெளிச்சத்தில் கூட்டம்;
முகங்கள் தெரிந்ததுதான் சிக்கல்.
ஏழு வீட்டுக்கே அளவுக் கரண்ட் என்றான் ஷாகுல்.
அவள் பங்கு கேட்கவே இல்லையே என்றார் ஜெபசீலன்.
பங்கென்றால் முதல் போட வேண்டாமா
என்றது ஒரு குரல்,
என் குரல் போலவே இருந்தது.
தேன்மலர் எழுந்து பல்பை அணைத்தாள்.
"இப்பப் பேசுங்க."

ஓடை மட்டும் பேசிக்கொண்டிருந்தது,
எங்கள் யார் பக்கமும் சேராமல்.

விடிந்ததும் ஒயர்ச் சுருளோடு போனேன்.
கடைசி வீட்டிலிருந்து அவள் கூரைவரை
நாற்பது மீட்டர். ஏற்கெனவே அளந்திருந்தேன்,
எப்போது அளந்தேன் என்று கேட்காதீர்கள்.
வீராயி ஒயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"எனக்கு மட்டும் எரிஞ்சா
மத்த நாலு வீடு எதப் பாக்கும்?"

திரும்பி வந்து இன்னும் ஒயர் வாங்கினோம்.

இப்போது பன்னிரண்டு வீடு.
மிக்ஸி பகலில் மட்டும்.
காப்பிப் பழம் உரிக்கும் மெஷினுக்கு முறை வைத்திருக்கிறோம்,
முறைக்கு ஒரு சண்டையும்.
வரவுக்கும் செலவுக்கும் நடுவில்
மூன்றாவதாக ஒரு கோடு கிழித்தேன்;
அதற்குத் தலைப்பு இன்னும் வைக்கவில்லை.
வீராயி வந்தால் பேர் இருக்கிறதா என்று
விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறாள்.
படிக்கத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தோம்.

பல்பு முன்னைப்போல் பிரகாசமில்லை.
நோட்டைக் கண்ணுக்கு அருகில் பிடித்துத்தான்
எழுத வேண்டியிருக்கிறது.