மெராந்தி என்று எழுதிய ரசீது

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
டயர் கடைக்கும் சோற்றுக்கடைக்கும் நடுவே
சியோங் தவுக்கேயின் பலகைக்கடை.
பதினொரு வருசமாய் அங்கே நான் கணக்குப்பிள்ளை.
காதில் பென்சில்,
மூக்கில் எப்போதும் மரத்தூள்.

வருகிறவர்கள் மரம் கேட்பதில்லை.
கூரை கேட்பார்கள், கதவு கேட்பார்கள்,
சேவல் தூங்க ஒரு கூண்டு கேட்பார்கள்.
மரத்தை நான்தான் சொல்ல வேண்டும்.

மழையில் நிற்கப்போகிறதா? செங்கால்.
விலை கேட்டு முகம் சுருங்கினால், பாலாவ்.

தேருக்கு அச்சு வாங்கக் கோயில் கமிட்டியோடு
சிவகங்கைச் சிற்பி ஒருவர் வந்தார்.
செங்கால் என்றேன்.
"தேருக்கு எதுக்கம்மா செங்கல்?" என்றார்.
ஒரு முனையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன்.
தூக்கினார். கீழே வைத்தார்.
வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு
"செங்கல்லே தேவலாம்" என்றார்.

படிக்கட்டுக்கு மெர்பாவ்.
ஆனால் முதல் மழைக்குச் சாயம் கக்கும்:
பாக் ரம்லி வீட்டு வெள்ளைச் சுவரில்
யாரோ வெற்றிலை துப்பியது மாதிரி வடிந்து
மூன்று வாரம் என்னோடு பேசவில்லை அவர்.

கெம்பாஸில் ஆணி வளையும், அடிக்கிறவன் வாய் நாறும்.
சம்பந்தி வந்து திறந்து பார்க்கிற அலமாரிக்கு
நியாத்தோ.
மெராந்தி சாது.
அறுத்தால் அறுபடும், அடித்தால் வாங்கிக்கொள்ளும்.
ஜன்னல் சட்டம், சாமி மாடம், சவப்பெட்டி
எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

பால் மரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.
இருபத்தைந்து வருசம் கறந்துவிட்டுச் சாய்ப்பார்கள்.
அறுத்த இரண்டாம் நாளே
கன்றிப்போன தோல் மாதிரி நீலம் பூக்கும்.
மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்தால்தான் பிழைக்கும்.
ஆற்றுக்கு அந்தப் பக்கத் தொழிற்சாலையில்
நாற்காலியாகி, அட்டைப்பெட்டிக்குள் மடங்கி,
கப்பலேறும்போது
மலேசிய ஓக் என்று பேர் வைத்துக்கொள்ளும்.
ஊரைத் தாண்டினால் யார்தான் பேர் மாற்றவில்லை.

நவம்பர் மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை
காத்தமுத்து செத்துப்போனார்.
மூன்றாம் நம்பர் டிவிஷன், பால்வெட்டு.
பெட்டிக்குப் பலகை கேட்டு ஆள் வந்தது.
மெராந்தி கையிருப்பில் இல்லை.
"பால் மரத்தைப் போடு, மெராந்தி என்று எழுது"
என்றார் தவுக்கே மலாயில், என்னைப் பார்க்காமல்.
"மண்ணுக்குள்ளே யார் போய்ப் பார்ப்பது?"
எழுதினேன்.
என் கையெழுத்து அழகு என்று எல்லோரும் சொல்வார்கள்.

பணம் கட்ட வந்தது தனபாக்கியம்,
அவர் சம்சாரம்.
லாரியில் ஏற்றியிருந்த பலகையின்
அறுத்த முனையில் விரலைத் தேய்த்தாள்.
முகர்ந்தாள்.
மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"இது பால்.
இருபத்தாறு வருசம் இந்த வாடைக்குத்தான்
சட்டை துவைச்சேன்.
எனக்கே மெராந்தின்னு எழுதுறியா?"

தவுக்கேக்கு இருமல் வந்தது.
நான் பென்சிலைக் காதில் தேடினேன்,
அது கையில்தான் இருந்தது.
"பக்கத்து ஊரில் கேட்டுப் பார்க்கட்டுமா அக்கா,
மெராந்தி கிடைக்கும்…"

"மரம் இருக்கட்டும். விலையை மாத்து."

அடித்து எழுதினேன்.
ரப்பர் பலகை, ஏழு.
ஈர நோட்டுகளை ஒவ்வொன்றாய்ப் பிரித்து எண்ணினாள்.
மீதி வாங்கி முந்தானையில் முடிந்தாள்.
போகும்போது திரும்பி வந்து
"ஆணி ஒரு கைப்பிடி சும்மா குடு" என்றாள்.
இரண்டு கைப்பிடி அள்ளிக் கொடுத்தேன்.
தவுக்கே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வருசக் கடைசியில் கணக்கு பார்க்க வந்த பையன்
கார்பன் பிரதியைப் புரட்டி
இந்த இடத்தில் விரலை நிறுத்தினான்.
"நாற்பத்திரண்டு வெள்ளி குறையுதே, ஏன்?"

"நீலம் பூத்துவிட்டது" என்றேன்.
அவன் எழுதிக்கொண்டான்.