கடைசி நூறு மில்லி

இரவு இரண்டு பத்துக்கு இயந்திரம் கத்துகிறது.
வடிகால் அடைப்பு. வடிகால் அடைப்பு.
பொன்சித்லானில் ஒரு தகரக் கூரைக்கடியில்
யாதிரா எழுந்து உட்கார்ந்து
பொத்தானை அமுக்கிவிட்டுத் திட்டுகிறாள்.
என்ன திட்டினாள் என்பது பதிவில் இல்லை.
நேரம் இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது,
நிமிடத்துக்கு எத்தனை மில்லி என்பது இருக்கிறது.

அந்தப் பதிவை அச்சிட்டு
குவாதலஹாராவில் என் மேசைமேல் விரித்து
மூன்று வாரம் பார்த்தேன்.
முதலில் பாய்ச்சல், மதகைத் தூக்கியது போல.
ஆறாம் நிமிடத்தில் கோடு முழங்கையாய் மடங்கும்.
அப்புறம் இழுவை,
கஞ்சன் கடனைத் திருப்பித் தருகிற மாதிரி
சொட்டு, சொட்டு.
பிறகு ஒரே வெட்டு. பூச்சியம்.

வால்வுதான் என்றேன். மாற்றினேன்.
குழாயின் உள்விட்டத்தை அரை மில்லிமீட்டர் கூட்டினேன்.
உறிஞ்சும் விசையையும் கூட்டினேன்.
ஆய்வகத்தில் ஒரு ரப்பர் பையை வயிறாக நினைத்து
இரண்டாயிரம் மில்லி உள்ளே விட்டு
இரண்டாயிரத்தையும் வெளியே எடுத்தேன்.
மேலாளர் தெலெஸ்ஃபோரோ கைகுலுக்கினார்.
ரப்பர் பை ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதப் பதிவு:
நான்காக இருந்த அலறல் பதினொன்று.

பேருந்தில் போனேன்.
வாசல் வரை டயாலிசிஸ் திரவப் பெட்டிகள்,
அவற்றின்மேல் துணி, துணியின்மேல் தொலைக்காட்சி.
இரண்டு பெட்டி குறைந்தது, தம்பி எடுத்துப் போயிருந்தான்,
தெருவில் கோல் கம்பம் நட.
சௌசௌ தரம் பிரிக்கும் கொட்டகையிலிருந்து
விரல் நுனியில் பச்சைப் பிசினோடு வந்தாள், இருபத்திமூன்று வயது.
மின்விசிறியை நிறுத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள்,
முகமூடி கட்டிக்கொண்டு
முழங்கை வரை கை கழுவினாள். அவசரமே இல்லை.
காலையில் வடிந்த பையைத் தூக்கி
அதற்குப் பின்னால் ஒரு லொத்தேரியா அட்டையைப் பிடித்தாள்.
சேவலின் கொண்டை தெரிந்தது.
"தெளிவாயிருக்கிறது, கிருமி இல்லை" என்றாள்,
என்னைச் சோதிப்பவள் போல.

அலாரம் ஏன் அடிக்கிறது என்று கேட்டேன்.
சிரித்தாள். தொப்புளுக்குக் கீழே, சற்று இடப்பக்கம்
ஒரு விரலை வைத்தாள்.
"தண்ணீர் தீரும்போது உங்கள் மெஷின்
என்னையே குடிக்கிறது.
தூண்டிலில் மாட்டி உள்ளிருந்து சுண்டுவது போல.
அதனால்தான்" என்று
குழாயின் நீலக் கவ்வியைக் கட்டைவிரலால் மூடிக் காட்டினாள்.
டிக்.

அந்தச் சத்தம்தான் என் கோட்டின் வெட்டு.
மூன்று வாரம் நான் வால்வில் தேடிய பழுது
தூக்கத்தில் கூட நேரம் தவறாத ஒரு விரல்.

"கணக்கு முடிக்கத்தான் பார்க்கிறீர்கள்,
கொஞ்சம் கிடந்தால் என்ன?"
என்று கேட்டாள்.
என்னிடம் பதில் இருந்தது, சூத்திரத்தோடு.
சொல்லவில்லை. பேருந்தில் வரும்போது
அந்தச் சூத்திரத்தில் எங்கும் வலிக்கு ஓர் எழுத்து இல்லை
என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது புதிதாக எழுதியிருப்பது இவ்வளவுதான்:
கோடு முழங்கை மடக்கியதும் விசையைத் தளர்த்து.
ஓட்டம் ஐம்பதுக்குக் கீழே ஒரு நிமிடம் நின்றால்
மூடு. இழுக்காதே.
கிடப்பது நூறா நூற்றிருபதா, குறித்துக்கொள்,
அடுத்த முறை அவ்வளவு குறைவாய் ஊற்று.
விடியற்காலைக் கடைசி வடிப்பை மட்டும்
அவள் விழித்திருக்கும்போது, உட்கார்ந்தபடி, மெதுவாக.

தெலெஸ்ஃபோரோ அறிக்கையைத் திருப்பினார்.
"திறன் நாலு சதவீதம் இறங்கியிருக்கிறதே."
ஆமாம் என்றேன்.
"இதை முன்னேற்றம் என்று எப்படி எழுதுவது?"
தெரியவில்லை என்றேன். எழுதுங்கள் என்றேன்.

ஒப்புதல் குழு மார்ச்சில் கூடுகிறது.
இது அக்டோபர்.
மணி இரண்டு ஒன்பது. என் அறையில் விளக்கு எரிகிறது.
ஏரிக்கரையில் ஒரு பெண் கண்ணைத் திறக்காமலே
போர்வைக்கு வெளியே கையை நீட்டி
நீலக் கவ்வியைத் தேடுகிறாள்.