அதே நாள், மாலை

படத்தில் ஒரே நாள்.
காலை ஆறரைக்கு
இறைப்பு மெசினைக் கரியரில் கட்டி
விற்கப் போகிறவன்,
மாரியில் அதை வாங்க ஆளில்லாமல்
விளக்கு வைக்கிற நேரம்
கட்டியது கட்டியபடி திரும்புகிறான்.
ஏழு நிமிடம்.

எங்களுக்கு அது பதினொரு சனிக்கிழமை.
கமரா துவாரகனின் மச்சானுடையது,
சனி மட்டும்தான் தருவான்.
மழையில் போன சனிகளும் கணக்கில் சேர்த்தி.

பிரணவரூபன் இயக்கம். கீர்த்திகன் நடிப்பு.
என்னிடம் ஒரு எண்பது பக்கக் கொப்பி:
சேட்டில் இரண்டாம் பொத்தான் இல்லை.
கயிறு நீலம். முடிச்சு இடப்பக்கம்.
பிளேன்ரீ அரைக்கோப்பை
(அடுத்த ஷொட்டில் முக்கால்: இலையான் விழுந்து
யோகமலர் அக்கா புதிதாய் ஊற்றித் தந்தது).
திருநீறு, மூன்றாம் தரம் எடுக்கையில்
வியர்வையில் பாதி.

வயலை எழுத மறந்துபோனேன்.

முதற்சனி அவன் வரம்பில் ஏறும்போது
பின்னால் முழங்காலளவு பச்சை.
எட்டாம் சனி அதே வரம்பு, அதே சேட், அதே முடிச்சு,
பின்னால் கதிர் முற்றிச் சாய்ந்த மஞ்சள்.
கடைசிச் சனிக்கு முதல்நாள்
வெட்டு மெசின் வந்து போய்விட்டது.
ஒட்டுத்தாளுக்குள் கொக்குகள்
ஏதோ தங்கள் படப்பிடிப்பு மாதிரி நடந்து திரிந்தன.

வீட்டுக்குப் போனால்
பூசாத கல்லுச்சுவர் பூசி
இளநீலம் அடித்திருந்தது.
'படத்தில வருமெல்லே' என்றா யோகமலர் அக்கா.
கிழமைக் காசு கட்டுகிற கடன்.
கையில் இன்னும் பெயின்ற்.
'வடிவா விழுதோ?'

விழுது என்றோம்.
வேறென்ன சொல்ல.
கீர்த்திகனின் அரும்பு மீசையைப் பற்றி
அன்று நான் வாயே திறக்கவில்லை.

பாடசாலையில் ஓடுகிற கணினி ஒன்றுதான்.
பச்சையையும் மஞ்சளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.
நிறத்தை மாற்றிப் பார்த்தான் பிரணவரூபன்,
வயல் நோய் வந்ததுபோல் ஆனது.
முகத்துக்குக் கிட்டப் போனோம், மீசை.
றோட்டுப் பக்கம் திருப்பினோம்,
றோட்டுக்கும் அந்த இடைவெளிக்குள் தார் போட்டிருந்தார்கள்.

இரவு ஒன்பதரை. மின்விசிறி நின்றுவிட்டது.
நடுவில் ஒரு கறுப்புச் சட்டம்,
வெள்ளை எழுத்தில்: அதே நாள், மாலை.
'அதை எடு' என்றேன்.
எடுத்தான்.
வேறொன்றும் செய்யவில்லை.

இப்போது ஒருவன்
பச்சைக்குள் புறப்பட்டுப் போகிறான்.
அறுவடை முடிந்தபின்
அதே பொத்தானில்லாத சேட்டோடு,
அதே நீல முடிச்சோடு,
விற்காத மெசினோடு
சுவர் நிறம் மாறிய வீட்டுக்கு வருகிறான்.
படலையில் ஒரு கணம் தயங்குகிறான்.
(அந்தத் தயக்கம் நடிப்பல்ல.
நாய் நிற்கிறதா என்று பார்த்தவன்.)

மாவட்டப் போட்டியில் நடுவர்
பேனையால் மேசையைத் தட்டினார்:
'இவ்வளவு நாளும் அவன் எங்கே நின்றான்?
கதையில் பெரிய ஓட்டை, பிள்ளைகள்.'
ஆறுதல் பரிசு.
சான்றிதழில் பிரணவரூபனின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை.

வட்டக்கச்சியில், யோகமலர் அக்காவின் அதே சுவரில்
வேட்டி கட்டிப் போட்டுக் காட்டினோம்.
நாற்பது பேர் வரும். பிள்ளைகள் சைக்கிளில் சாய்ந்தபடி.
எங்கே நின்றவன் என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.
எங்கள் பக்கம் அதை
ஆரிடமும் சட்டென்று கேட்பதில்லை.

படம் முடிந்து வெளிச்சம் போட்ட பிறகு
சுவரைப் பற்றிச் சொல்வா என்றிருந்தேன்.
அக்கா கேட்டது:
'வந்த பெடியன் சாப்பிட்டவனோ?
அதை ஏன் நீங்கள் காட்டேல்ல?'

கொப்பியில் கடைசிப் பக்கம் மிச்சமிருந்தது.
காட்சி பதினைந்து: சோறு. இரவு. உள்ளே.
கோப்பை எது என்று அக்காவிடம் கேட்க வேண்டும்.
சனிக்குக் கமரா கேட்க வேண்டும்.

கீர்த்திகன் நேற்றுத்தான் மொட்டை அடித்தவன்.