தெரியும்படி

பாகலூர் சாலையில் என் கடைக்குப் பலகை கிடையாது.
ஷட்டரில் ‘ஆல்ட்ரேஷன்’ எழுதியவன்
நடுவில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டான்.
ஆல்ட்ரேன். வருகிறவர்கள் வருகிறார்கள்.

ஜிப், ஓரம், இடுப்பில் ஓர் அங்குலம்.
பதினாறு வருஷமாக ஒரே சட்டம்:
தைத்தது தெரியக் கூடாது.

சிப்காட்டுக்கு வந்திருக்கும் ஜப்பான்காரர்
முழங்கை கிழிந்த நீலச் சட்டையை நீட்டி
வெள்ளை நூலில் வேண்டும் என்றார்.
நீலம் இருக்கிறதே என்று டப்பாவைத் திறந்து காட்டினேன்.
இல்லை, வெள்ளை. தெரிய வேண்டும்.
கூட வந்த பையன் அதை இரண்டு தரம் சொன்னான்,
எனக்குக் காது மந்தம் என்று நினைத்து.

சஷிகோவாம்.
உள்ளே ஒட்டுத்துணி, மேலே ஓட்டுத்தையல்,
தையல் ஓர் அரிசி, இடைவெளி அரை அரிசி.
கோலம் மாதிரிக்கா என்றான் பையன்.
எனக்குக் கோலம் வராது.
சாக்பீஸை வாங்கி
அவரே கட்டம் போட்டுத் தந்தார்.

மெஷினுக்குப் போர்வை போர்த்திவிட்டு
மூன்று ராத்திரி, கையால்.
எண்ணும்போது மட்டும் எனக்குத் தெலுங்கு வரும்:
ஒகட்டி, ரெண்டு, மூடு.
நாற்பதில் கரண்ட் போயிற்று.
நாற்பத்தொன்று கோணல்.

வாங்கியதும் அவர்
உட்பக்கத்தைத்தான் முதலில் திருப்பிப் பார்த்தார்.
அந்த இடத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்தது.
கோணலின் மேல் கட்டைவிரல் நின்றது.
பிரிக்கட்டுமா என்றேன்.
பதில் இல்லை.
சட்டையை மாட்டிக்கொண்டு,
ஓசூர்க் குளிரில்,
முழங்கை முன்னால் தெரிய நடந்துபோனார்.

அன்று சாயங்காலமே மாதேஷ்.
அதே கம்பெனி, வெல்டிங், கான்ட்ராக்ட்.
யூனிபார்ம் மணிக்கட்டில் பொறி தெறித்து ஐந்து பொத்தல்.
தெரியாமத் தைச்சுக் குடுக்கா,
தெரிஞ்சா சம்பளத்துல பிடிச்சிருவாங்க.

ஒரே கேட். ஒரே சங்கு.

சாம்பல் துணிக்குச் சாம்பல் நூல் தேடி,
வெயிலில் வைத்து நிறம் பார்த்து,
இழை இழையாக மூடினேன்.
சூப்பர்வைசர் கண்ணாடி போட்டுத் தேடினாலும்
அகப்படாது.

அப்புறம் கைப்பட்டியின் உள்மடிப்பைத் திருப்பி
அவர் சட்டைக்கு வாங்கி மீந்த வெள்ளையில்
ஓர் அரிசி, அரை அரிசி,
ஓர் அரிசி, அரை அரிசி,
ஒரு சுற்று முழுக்க ஓட்டினேன்.
அதற்குக் காசு கேட்கவில்லை.

உள்ள என்னமோ உரசுதுக்கா,
மறுவாரம் வந்து சொன்னான்.

உரசட்டும் என்றேன்.